குறைத்து உண்ணச் சொல்லும்போது வயதையும் சேர்த்துச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பகுதியைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்து வருகிறேன். நீண்ட ஆயுளுக்கான உணவுப் பழக்கம் பற்றி அங்கும் பிற இதழ்களிலும் வெளியாகும் கட்டுரைகளில் பெரும்பாலானவை, எங்கெங்கோ சுற்றினாலும், கடைசியில் ஒரே அறிவுரையில் வந்து நிற்கின்றன: உணவைக் குறையுங்கள், இரவு உணவைத் தவிருங்கள், எடை இறங்கினால் ஆயுள் ஏறும். இந்த அறிவுரை தவறு என்று வாதிட நான் இதை எழுதவில்லை. 40 வயதில், இடுப்பைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அது பெரும்பாலும் பொருந்தும். 75 வயதை நெருங்கும் ஒருவர் அதே வரிகளைத் தமக்காகவே எழுதப்பட்டவை என்று நம்பிக் கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் கண்டுவிட்டோம்.

என் தாயாருக்கு அப்போது 74 வயது. சற்றே கூடுதலான எடை, மாத்திரையால் கட்டுக்குள் இருந்த இரத்த அழுத்தம், இவை தவிர அவருக்குக் குறையேதும் இல்லை. எங்கோ படித்த ஒரு கட்டுரையை நம்பி முதலில் இரவு உணவை நிறுத்தினார். பின்னர் காலை உணவும் பெயரளவுக்குச் சுருங்கியது. பால், பருப்பு, முட்டை ஆகியவை செரிமானத்துக்குக் கனமானவை என்று ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. ஓராண்டுக்குள் 9 கிலோ குறைந்தார். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், நானும் பாராட்டினேன். நாற்காலியிலிருந்து எழும்போது அவர் இரு கைகளையும் ஊன்றத் தொடங்கியதையும், மாடிப்படியில் கைப்பிடியை விடாமல் பற்றியதையும் வயதின் இயல்பு என்றே எடுத்துக்கொண்டோம். ஒருநாள் விடியற்காலையில் குளியலறை வாசலில் கால் தடுமாறி, நின்ற இடத்திலேயே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் வந்து பார்த்த உணவியல் நிபுணர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, கடந்த ஓராண்டில் அவருக்கு எத்தனை கிலோ எடை குறைந்தது என்பதுதான். அதுவரை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வந்த அந்த எண்ணை அன்று தலை குனிந்து சொன்னேன்.

அதன்பின் இந்தப் பொருள் பற்றித் தேடிப் படித்தேன். குறைத்து உண்டால் ஆயுள் நீளும் என்ற கருத்துக்கு அறிவியல் அடிப்படை தந்தது, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே 1935-இல் வெளியிட்ட எலி ஆய்வு. குறைந்த கலோரியில் வளர்ந்த எலிகள், வயிறு நிறையத் தின்ற எலிகளைவிட நெடுநாள் வாழ்ந்தன. இந்த முடிவை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதன் ஒரு பாதியை விட்டுவிடுகிறார்கள். அந்த எலிகளுக்குக் குறைக்கப்பட்டது கலோரி மட்டுமே. வைட்டமின்களும் தாதுச்சத்துகளும் குறைவுபடாதபடி கவனமாகக் கணக்கிட்டுத் தரப்பட்டன. வீட்டில் ஒருவர் தாமாக ஒரு வேளை உணவை நிறுத்தும்போது, கலோரியோடு அந்த வேளையின் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் சேர்ந்தே போய்விடுகின்றன.

குரங்குகளில் நடந்த ஆய்வுகளும் சொல்லத் தக்கவை. அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 1987-இலும் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1989-இலும் ரீசஸ் குரங்குகளுக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு உணவைக் குறைத்துப் பல்லாண்டுகள் கண்காணிக்கத் தொடங்கின. குறைத்து உண்டவற்றில் முதுமை நோய்களால் நேர்ந்த இறப்பு குறைந்தது என்று விஸ்கான்சின் குழு 2009-இல் அறிவித்தது. ஆயுளில் வேறுபாடு இல்லை என்று மற்றக் குழு 2012-இல் அறிவித்தது. இந்த முரண்பாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம், ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட குரங்குகளின் தட்டில் இருந்தது. விஸ்கான்சினில் அவை விரும்பிய அளவு தின்றன. அவற்றின் தீவனத்தில் கால் பங்குக்கும் மேல் சர்க்கரை. மற்ற ஆய்வகத்திலோ ஒப்பீட்டுக் குரங்குகளுக்கும் அளவு பார்த்தே உணவு தரப்பட்டது. சர்க்கரையும் மிகக் குறைவு. ஆகவே, பட்டினியின் பலன் என்று நாம் கொண்டாடுவதில் கணிசமான பகுதி, அளவு மீறியும் தரங்குறைந்தும் உண்ணாததன் பலன் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

மனிதர்களில் இதை முறையாகச் சோதித்தது கேலரி எனப்படும் ஆய்வு. 218 பேர், இரண்டு ஆண்டுகள். உணவில் 25 விழுக்காட்டைக் குறைப்பது இலக்கு. பங்கேற்றவர்களால் சராசரியாக 12 விழுக்காடு அளவுக்கே குறைக்க முடிந்தது. அவ்வளவிலேயே இரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் இறங்கின என்பது மகிழ்ச்சிக்குரியது. கூடவே அவர்களது இடுப்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் எலும்பு அடர்த்தியும் ஓரளவு இறங்கியது. இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களில் 50 வயதைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. 35 வயதுக்காரரின் எலும்பு தாங்கிக்கொள்ளும் சிறு இழப்பை, ஏற்கெனவே எலும்பு தேய்ந்துவரும் 75 வயதுப் பெண்மணி எப்படித் தாங்குவார்? நலக்கட்டுரைகளில் இந்தக் கேள்வியை நான் இதுவரை பார்த்ததில்லை.

எலும்பைவிடவும் முதலில் கரைவது தசை. நடுவயதைக் கடந்ததும் தசை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. வலிமை அதைவிட வேகமாகக் குறைகிறது. இந்த நிலைக்கு 1989-இல் சார்கோபீனியா என்று பெயரிட்டவர் இர்வின் ரோசன்பர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர். உடற்பயிற்சி ஏதுமின்றி உணவை மட்டும் குறைத்து எடையை இறக்கும்போது, இறங்கும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தசை முதலான கொழுப்பல்லாத பகுதியாக இருக்கும். பிறகு எடை திரும்பினாலும், முதியவர்களுக்கு அது பெரும்பாலும் கொழுப்பாகத் திரும்புகிறதே தவிர, போன தசை அதே அளவில் மீள்வதில்லை. அதோடு, வயது ஏற ஏற உடல் தான் பெறும் புரதத்தைத் தசையாக மாற்றும் திறனும் மந்தப்படுகிறது. இளைஞர் ஒருவருக்குப் போதுமான புரதம் முதியவருக்குப் போதாமல் போவது இதனால்தான்.

கணக்கும் எளிது. வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது வழக்கமான பரிந்துரை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இது 1 முதல் 1.2 கிராம் வரை இருக்க வேண்டும் என்று பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2013-இல் பரிந்துரைத்தது. 60 கிலோ எடையுள்ள முதியவருக்கு இது 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம், ஒரு குவளைப் பாலில் 6 அல்லது 7 கிராம் என்று எண்ணிப் பார்த்தால், இந்த அளவை ஒரே வேளை உணவில் எட்டுவது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். என் தாயார் உண்டுவந்ததை அந்த உணவியல் நிபுணர் கணக்கிட்டபோது, நாளுக்கு 30 கிராம்கூடத் தேறவில்லை. பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, மீன் என்று அவரவர் உண்பதில் ஏதேனும் ஒன்று மூன்று வேளையிலும் இடம்பெற வேண்டும் என்றும், முடிந்த அளவு தசைக்கு வேலை தரும் பயிற்சி இல்லாமல் புரதம் மட்டும் பயன் தராது என்றும் அவர் சொன்னார். சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வயதுக்கேற்ப அறிவுரை தலைகீழாக மாறக்கூடும் என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உணவு விவரங்களை அலசிய அந்த ஆய்வில், 50 முதல் 65 வயது வரை உள்ளவர்களில் புரதம் மிகுதியாக உண்டவர்களிடையே இறப்பு கூடுதலாகக் காணப்பட்டது. அந்தப் புரதம் தாவரங்களிலிருந்து வந்திருந்தால் அந்தத் தொடர்பு வெகுவாகத் தணிந்தது. 65-ஐத் தாண்டியவர்களிடம் நிலைமை மாறியது: புரதம் குறைவாக உண்டவர்களைவிட மிகுதியாக உண்டவர்களிடையே இறப்பு குறைவு. இது மக்கள் உண்பதைக் கேட்டறிந்து எழுதிய ஆய்வு என்பதால் காரண காரியத்தை இதைக்கொண்டு மட்டும் நிறுவிவிட முடியாது. அதே ஆண்டில், ஏறத்தாழ இரண்டு லட்சம் முதியோரின் தரவுகளைத் தொகுத்த மற்றோர் ஆய்வு, 65 வயதுக்கு மேல் உடல் நிறைக் குறியீட்டெண் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 23-க்குக் கீழே போகும்போது இறப்பு அபாயம் உயரத் தொடங்குவதைக் காட்டியது. இளையவர்களுக்கு இயல்பு என்று நாம் சொல்லும் எல்லைக்குள் வரும் எண் அது.

அப்படியானால் நடுவயதில் குறைக்க வேண்டியது எது என்று கேட்கலாம். அதில் ஐயத்துக்கு இடமில்லை. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்தப்பட்ட உணவு பற்றி அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019-இல் வெளியிட்ட சோதனை என்னை மிகவும் பாதித்தது. 20 பேருக்கு இரு வாரம் அத்தகைய உணவும், இரு வாரம் எளிய முறையில் சமைத்த உணவும் தரப்பட்டன. முன்வைக்கப்பட்ட உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாகவே இருந்தும், பதப்படுத்திய உணவு உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி தாமாகவே கூடுதலாக உண்டார்கள். வயிற்றைக் கட்டுவதைவிட வீட்டுக்குள் வரும் பொட்டலங்களைக் கட்டுப்படுத்துவது எளிது என்று நான் கருதுவது இதனால்தான்.

55 முதல் 80 வயது வரை உள்ள, இதயநோய் அபாயம் மிகுந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வில், எவரையும் குறைத்து உண்ணச் சொல்லவில்லை. காய்கறி, பழம், பயறு, மீன் ஆகியவற்றோடு ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ சேர்த்துக்கொள்ளுமாறு சொன்னார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன. 2013-இல் வெளியான அந்த ஆய்வில் பங்கேற்றோரைப் பிரித்த முறையில் குறை இருந்ததால் அது திரும்பப் பெறப்பட்டு, திருத்தத்துடன் 2018-இல் மீண்டும் வெளியானது. முடிவு பெரிதாக மாறவில்லை. வயதானவர்களின் தட்டிலிருந்து எதை எடுக்கலாம் என்பதைவிட எதைச் சேர்க்கலாம் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த விடை என்றே இதை நான் மதிக்கிறேன்.

முதியவர்கள் குறைவாக உண்பதற்குக் கட்டுரைகள் மட்டும் காரணமில்லை. பல் ஆடுகிறது, நாக்கின் சுவை மங்குகிறது, தாக உணர்வு குறைகிறது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் நெடுநாள் உட்கொண்டால் பி12 வைட்டமின் உடலில் சேர்வது குறைகிறது. சர்க்கரைக்காக ஒன்று, அழுத்தத்துக்காக ஒன்று, கொழுப்புக்காக ஒன்று என்று ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வோர் உணவை விலக்கச் சொல்லி, எல்லாவற்றையும் ஒருசேரக் கடைப்பிடிக்கும் முதியவருக்கு உண்ண எதுவுமே மிஞ்சாத நிலையும் உண்டு. தனியாக உண்பவர் சமைப்பதையே விட்டுவிடுகிறார். எங்கள் வீட்டில் மருந்தைவிடப் பயன் தந்தது, இரவில் தாயாரோடு யாராவது ஒருவர் அமர்ந்து உண்பது என்று வழக்கப்படுத்தியதே.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். உணவைக் குறைப்பது, வேளைகளைத் தவிர்ப்பது, எடையை இறக்குவது பற்றிய கட்டுரை எதுவாயினும், அது எந்த வயதினருக்கு உரியது என்பதைக் கட்டுரையாளரிடம் கேட்டு அச்சிடுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் ஒரு வேளையைத் தவிர்த்தால் இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும் என்ற எச்சரிக்கையும் உடன் இருக்கட்டும். காரணம் ஏதுமின்றி ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 3 கிலோவுக்கு மேல், குறைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். அந்த ஒரு வரியை அன்று நான் படித்திருந்தால், பாராட்டியிருக்க மாட்டேன்.

என் தாயாருக்கு இப்போது 77 வயது. இழந்த எடையில் பாதி திரும்பியிருக்கிறது. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறார். நாளிதழில் உணவுக் கட்டுரைகளை இப்போதும் விடாமல் படிக்கிறார்; படித்து முடித்ததும், இது எந்த வயதுக்காரருக்கு எழுதியது என்று என்னிடம் கேட்கிறார். அதற்கான விடை கட்டுரையின் முதல் வரியிலேயே இருக்கும்படி தாங்கள் ஆவன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்