என் குதிரைகளக் கரை சேத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். இத எப்பவோ எழுதிருக்கணும், லேட்டாயிட்டு, மன்னிச்சுக்கோங்க.

2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் பேஞ்ச மழைய நம்ம ஊர்ல யாரும் மறந்திருக்க மாட்டாவ. தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள்ள ஏறி வந்தப்போ அம்மாவையும் ரேசன் கார்டு வச்சிருந்த பையையும் மட்டும் எடுத்துட்டு ஓடுனோம். தண்ணி வடிஞ்சு வந்து பாத்தா தார்சாவுல முழங்கால் அளவு சேறு, பத்து வருசமா நான் பாத்துப் பாத்துச் சேத்த 43 பொம்மக் குதிரையும் அலமாரியோட கவுந்து அதுக்குள்ள கெடக்கு.

மொத நன்றி எங்க வளவுப் பிள்ளைங்களுக்கு. நான் அழுதுக்கிட்டு நிக்கேன், அதுங்க பாட்டுக்கு மணல் சலிக்கிற சல்லடைய எடுத்துட்டு வந்து சேத்த அள்ளி அள்ளிச் சலிச்சு, ஒரு காது, ஒரு வாலு, ஒரு குளம்புன்னு கெடச்சதையெல்லாம் தீப்பெட்டில போட்டு எது எந்தக் குதிரையோடதுன்னு மேல எழுதியும் குடுத்துட்டுங்க. ஷ்லைக்ங்கிற ஜெர்மன் பொம்மக் கம்பெனிக் குதிரையெல்லாம் கெட்டி ரப்பர் மாதிரி இருக்கும், கழுவுனதும் பழையபடி ஆயிட்டு. காருகுறிச்சி வேளார் தாத்தா எனக்கு எட்டு வயசுல செஞ்சு குடுத்த சுட்டமண் குதிரைல ஒரு கீறல் கூட இல்ல.

பிரேயர்ங்கிற அமெரிக்கக் கம்பெனிக் குதிரைதான் பாடாப் படுத்திட்டு. அது செல்லுலோஸ் அசிட்டேட்டுங்கிற ஒரு வகை பிளாஸ்டிக்ல செய்யது, சூடு பட்டா காலு வளஞ்சிரும். யாரோ நல்ல மனசுல மொட்டமாடி வெயில்ல காய வச்சிருந்தாவ, நான் பதறி ஓடுறதப் பாத்த எதுத்த வீட்டு ஆச்சி, "ஏட்டி, குதிரைக்கு வெயில் ஆகாதா?"ன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டு தன்னோட பழைய சேலைய வேப்பமரத்து நெழல்ல விரிச்சு ஒவ்வொண்ணா எடுத்து வச்சாவ. ஆச்சி வீட்டுலயும் கிரைண்டர், மெத்தை, அரிசின்னு எல்லாம் போயிருந்தது. அந்த நேரத்துல எனக்காக வந்து நின்னாவ பாருங்க, அத சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

இந்தக் குதிரைங்க உள்ள பொள்ளலா இருக்கும், மூக்குப் பக்கம் ஊசி நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு, அது வழியா ஆத்துத் தண்ணி பூராம் உள்ள போயிட்டு. மெடிக்கல் ஸ்டோர் அக்கா சிரிஞ்சு குடுத்தாவ, நல்ல தண்ணிய ஏத்தி, தலைகீழாப் பிடிச்சா செவப்பா ஒவ்வொரு சொட்டா வரும், மறுபடி ஏத்தணும். தண்ணி தெளிவா வர மூணு நாள் ஆச்சு.

அடுத்து பாளையங்கோட்டைல பல்செட் செய்யுற அண்ணாச்சி. நாலு காலும் மூஞ்சியும் வெள்ளையா இருக்க என் செவலைக் குதிரைக்கு அம்மா வச்ச பேரு பஞ்சகல்யாணி, அதோட பின்னங்கால் முட்டிக்குக் கீழ முறிஞ்சு போச்சு. அண்ணாச்சி ரெண்டு பக்கமும் மெல்லிசா ஓட்டை போட்டு, கம்பி சொருகி ஒட்டி, இடுக்குல எம்சீல் வச்சுத் தேய்ச்சு, "இதுவும் பல்லு மாதிரிதாம்மா, பின்னு வச்சா நிக்கும்"னு சொல்லிக் கைல குடுத்தாவ. காசு வாங்கல. போர்டு எழுதுற மாமா பெயிண்ட் அடிக்கும்போது வெள்ளைல ஒரு சொட்டு பிரவுன் கலந்தாவ, சுத்த வெள்ளை அடிச்சா ஒட்டுன எடம் தனியாத் தெரியுமாம். இப்போ எந்தக் காலுன்னு எனக்கே தேடித்தான் பாக்கணும்.

டல்லாஸ்ல இருக்க அத்தான் சேதி கேட்டு பிரேயரோட பழைய 'வெஸ்டர்ன் ஹார்ஸ்' மாடல் குதிரை ஒண்ணு தேடி அனுப்பிருந்தாவ. அந்த மாடல் மொதமொதல்ல 1950ல சிகாகோல ஒரு கடிகாரத்தோட நிக்கதுக்காகச் செஞ்சது, பிரேயர் குதிரையெல்லாம் அதுலருந்துதான் ஆரம்பிச்சது. லேசா மஞ்சப் பூத்திருக்கு, ஆனாலும் புது அலமாரில நடுத்தட்டு அதுக்குத்தான்.

42 வந்துட்டு. உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு குட்டிக் கருப்புக் குதிரை, நெத்தில வெள்ளப் பொட்டு, அத மட்டும் இன்னும் காணல. சிந்துபூந்துறைல யாராச்சும் ஓடை வாரும்போதோ தோட்டத்துல கொத்தும்போதோ கண்ணுல பட்டா எங்க வளவுல குடுத்துருங்க.