இலை சுருண்டதெல்லாம் ஒரே பூச்சியல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

மிளகாயில் இலை சுருண்டாலே 'முரணை' என்று சொல்லி ஒரே மருந்தைப் பரிந்துரைக்கும் குறிப்புகள் வேளாண் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. இலை மேல்நோக்கிப் படகுபோல் மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டு, கொழுந்து சிறுத்தால் மஞ்சள் சிலந்தி என்ற நுண்ணிய சிற்றுண்ணி (மைட்). இலைப்பேனுக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட் சிலந்தியைக் கொல்லாது. செயற்கை பைரித்ராய்டு அடித்தாலோ, சிலந்தியைத் தின்னும் இரைவிழுங்கிகள் மடிந்து தாக்குதல் இன்னும் கூடும்.

மஞ்சள் சிலந்தி சுமார் 0.2 மி.மீ.தான். கொழுந்தின் அடிப்புறத்தை 20 மடங்கு லென்ஸில் பாருங்கள்; முட்டையின் மேல் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். செஞ்சிலந்தி அதைவிடப் பெரிது, முதிர்ந்த இலையில் நூல் கட்டும். தென்னங்குரும்பையின் காம்பையொட்டிய செதில்களுக்கு அடியில் இருக்கும் ஈரியோபைட் என்ற சிலந்தி, புழு வடிவில் இரண்டே ஜோடிக் கால்களுடன் இருக்கும்.

செஞ்சிலந்தியில் எந்த இனம் என்பதுதான் கடினம். நிறத்தை நம்பக் கூடாது: டெட்ரானிகஸ் பேரினத்தைச் சேர்ந்த டெட்ரானிகஸ் உர்டிகே என்ற இனம் பச்சையாகவும் இருக்கும், சிவப்பாகவும் இருக்கும். இந்தப் பேரினத்தின் பெண்கள் பலவும் பார்வைக்கு ஒன்றுதான். ஆணின் புணர்ச்சி உறுப்பின் நுனி வடிவமே இனத்தைக் காட்டும். அதுவும் பக்கவாட்டில் தெரிய வேண்டும். ஆண் சிறிதாக, பின்புறம் கூம்பியிருக்கும். அதை லாக்டிக் அமிலத்தில் தெளியவைத்து, ஸ்லைடில் மாதிரியைப் பதிக்க உதவும் பிசின் கரைசலான ஹோயர் ஊடகத்தின் சிறு துளியில் ஒருக்களித்துக் கிடத்தி, மூடுகண்ணாடியை மெல்ல நகர்த்தி நிலையைச் சரிசெய்ய வேண்டும். குப்புறக் கிடந்தால் நுனியின் வளைவு தெரியாது, ஸ்லைடு வீண்.

ஹோயர் ஊடகத்துக்கு 50 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 30 கிராம் கருவேலம் பிசின், 200 கிராம் குளோரல் ஹைட்ரேட், 20 மி.லி. கிளிசரின். இதே வரிசையில் கரைத்து வடிகட்ட வேண்டும். ஸ்லைடை 45 முதல் 50 டிகிரி செல்சியஸில் ஒரு வாரமாவது உலர்த்துங்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் குமிழி விழும். விளிம்பை அடைக்காமல் விட்டால் மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கெட்டுப்போகும்.

மாதிரியில் ஆணே இல்லையா? தோலுரிக்கக் காத்து அசையாமல் கிடக்கும், கடைசி இளம்பருவப் பெண்ணை, ஈரப் பஞ்சின் மேல் வைத்த அவரை இலைத் துண்டில் தனியே விடுங்கள். ஆணோடு கூடாத பெண் இடும் முட்டைகள் அனைத்தும் ஆணாகவே வளரும்.

ஆய்வுக்கு அனுப்புவோர் பெண்களை மட்டும் பொறுக்காமல், ஆண்களையும் சேர்த்து 70 சதவீத எத்தனாலில் போட்டு, பயிர், ஊர், தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே இடும்படி தங்கள் வேளாண் பகுதியில் அறிவிக்க வேண்டுகிறேன்.

– பூச்சியியல் துறை வாசகர்