விரிசல் மேலயே வெல்டிங் வெக்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கமுங்க. நம்ம சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் சில பட்டறைல டிரெய்லர், ரிக் வண்டி ஃப்ரேம்ல விரிசல் விட்டா அது மேலயே வெல்டிங் வெச்சு பெயிண்ட் அடிச்சு அனுப்பிடறாங்க, ரொம்ப தப்புங்க. வெல்டும் தகடும் சேர்ற ஓரத்துலதான், லோடு ஏறி இறங்க இறங்க, விரிசல் மயிரிழையா ஆரம்பிச்சு ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சங்கொஞ்சமா உள்ள போகுது, பெயிண்ட் மேல மெல்லிசா துருக்கோடு தெரியறப்பவே பாத்துக்கோணும். 1980ல வடகடல்ல அலெக்சாண்டர் கீலாண்ட்ங்கற, எண்ணெய் எடுக்கற ஆளுக தங்கற மிதவை மேடை கவுந்து 123 பேர் செத்தாங்களே, அந்த விரிசலும் 6 மி.மீ. வெல்டு ஒண்ணுலதானுங்க ஆரம்பிச்சுது. விரிசல கிரைண்டர்ல முழுசா தோண்டி எடுத்து, விரிசலைக் காட்டிக் குடுக்கற செவப்பு டை அடிச்சு, விரிசல் மிச்சம் இல்லைன்னு பாத்துட்டு அப்புறம் வெல்டு வையுங்க. ஐடிஐக்காரங்க இதுக்குன்னு பட்டறை ஆளுகளுக்கு ஒரு நாள் பயிற்சி குடுத்தா புண்ணியமாப் போகுமுங்க.

– வாசகர், சங்ககிரி