எக்ஸ்ரே அறை அண்ணனுக்கு

போன செவ்வாய் ராத்திரி என் அப்பத்தாவுக்கு எக்ஸ்ரே எடுத்தீர்களே அண்ணே, பதற்றத்தில் பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன், அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்பத்தாவுக்கு 84 வயது, முதுகு நன்றாகவே கூன், மல்லாக்கப் படுக்க வைத்தால் தலை அந்தரத்தில் நிற்கும். முதல் வேலையாக அதற்கடியில் இரண்டு தலையணையைச் செருகினீர்கள். பக்கவாட்டுப் படத்துக்கு அடிபட்ட காலைத் திருப்பச் சொல்வார்களோ என்று நான் பயந்து நிற்க, நீங்கள் அதைத் தொடவே இல்லை. நல்ல காலை மடக்கித் தூக்கி ஒரு தாங்கியில் வைத்துவிட்டு, எக்ஸ்ரே குழாயைப் படுக்கைவசமாகத் திருப்பிப் பக்கத்திலிருந்து எடுத்தீர்கள். "ஆத்தா, ஆடாம இருங்க" என்று காதருகே குனிந்து சொன்னீர்கள் (காது மிஷினை வீட்டிலேயே விட்டுவிட்டோம்).

அப்புறம் அந்த இரண்டு வயதுக் குழந்தை, நெஞ்சுப் படம், ஒரே அலறல். ஈய அங்கி மாட்டிக்கொண்டு பிள்ளையைப் பிடித்திருந்த அப்பாதான் வெளியே வந்து சொன்னார்: அழுகைக்கு நடுவே பிள்ளை மூச்சை இழுக்கும் நொடிக்காகக் காத்திருந்து பொத்தானை அழுத்தினீர்களாம். நுரையீரலில் காற்று நிறைந்தால்தான் படம் தெளியுமாம். ஒரே படம்தான், மறுபடி எடுக்கவில்லை.

அப்பத்தாவுக்குத் தொடை எலும்பின் கழுத்தில் (இடுப்பு மூட்டை ஒட்டிய பகுதி) முறிவு, ஆபரேஷன் முடிந்தது. "தலகாணி வச்ச தம்பி சாப்பிட்டானா?" என்று அப்பத்தா இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.