செயலாளர் ஆண்டறிக்கை – 2025

எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பனியிலயும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கீங்க, ரொம்ப நன்றி. பொங்கல், பிக்னிக், பசங்க பாட்டுப்போட்டி எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு, போட்டோ நம்ம வாட்ஸப் குரூப்ல கெடக்கு, கணக்கைப் பொருளாளர் வாசிப்பாரு. நான் டிசம்பர்ல நம்ம கிளப் ஹால்ல நடந்த ஜாஸ் கச்சேரியைப் பத்தித்தான் பேசணும், ஏன்னா கச்சேரி நடக்கும்போது பேசலாமா, எழுந்து சாப்பிடப் போகலாமான்னு அதுல ஆரம்பிச்ச சண்டை இன்னும் ஓயல.

ஏன் ஜாஸ்னு சிலபேர் கேட்டீங்க. நாம இருக்கறது சிகாகோங்க. இங்க வெல்ஸ் தெருவுல பிளக்ட் நிக்கல்னு ஒரு கிளப் இருந்துச்சு, 1965 டிசம்பர் 22, 23ல மைல்ஸ் டேவிஸோட அஞ்சு பேர் ஜாஸ் குழு (குவின்டெட்) அங்க வாசிச்சதை கொலம்பியா கம்பெனி ரெக்கார்ட் பண்ணுச்சு, அதுக்கு இப்ப 60 வருஷம். மைல்ஸ் டிரம்பெட், வெய்ன் ஷார்ட்டர் டெனர் சாக்ஸ், ஹெர்பி ஹான்காக் பியானோ, ரான் கார்ட்டர் பேஸ் (ஆளுயரத்துக்கு நிக்கற, வயலின் மாதிரி தந்தி வாத்தியம்), டிரம்ஸ்ல டோனி வில்லியம்ஸ், அவருக்கு அப்பதான் 20 வயசு. அந்தச் சின்னப்பையன்தான் மத்தவங்ககிட்ட, ஆடியன்ஸ் எதிர்பார்க்கறது எதையும் வாசிக்கக்கூடாது, பாட்டு ஏறுற இடத்துல இறக்கிடுவோம்னு ஐடியா குடுத்தாராம். இதைப் பத்தி மைல்ஸ்கிட்ட ஒருத்தரும் வாயைத் திறக்கல. அவரு இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு திரும்பி வந்த நேரம் வேற, ஆனாலும் அசரலையே மனுஷன்! ரெண்டு ராத்திரி, ஏழு செட் (இடைவேளை விடாம ஒரே மூச்சுல வாசிக்கற பகுதிதான் செட்), முழுசா எட்டு சிடியா 1995ல வந்துச்சு, கேக்காதவங்க கேளுங்க.

நம்ம ஹாலுக்கு வந்தவங்களும் அதே அஞ்சு வாத்தியம்தான், உள்ளூர்ப் பசங்க. முதல்ல எல்லாரும் சேர்ந்து மெலடி, அப்புறம் ஆளாளுக்கு சோலோ, ஒவ்வொண்ணு முடியும்போதும் கைதட்டல், அதுவரைக்கும் பிரமாதம். அப்ப பேஸ்காரர் சோலோ எடுத்தாரு. டிரம்ஸ் ஒடுங்கிருச்சு, பியானோ நின்னுருச்சு, உடனே நம்ம ஆளுங்க இடைவேளைன்னு நினைச்சு எழுந்து வடை லைன்ல நின்னுட்டாங்க, சட்னி பத்தலைன்னு ஒருத்தர் கத்துறாரு, பேஸ்காரர் பாவம் கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பெரிய பேஸைக் கட்டிப்புடிச்சு வாசிச்சுட்டே இருக்காரு. முன்வரிசைக்கே சரியா கேக்கல.

கடைசிப் பாட்டுல சாக்ஸும் டிரம்ஸும் எட்டு எட்டு பாரா (பார்னா நம்ம தாளத்துல ஒரு சுத்து மாதிரி) மாத்தி மாத்தி வாசிச்சு, அதை நாலாக்கி, ரெண்டாக்கினப்ப நம்ம மிருதங்க மாமா தொடையில தாளம் போட்டுக்கிட்டே "அட, இது குறைப்புடா!"ன்னாரு, அதாவது நம்ம கச்சேரியில தாள வாத்தியக்காரங்க மாத்தி மாத்தி வாசிச்சு அளவைக் குறைச்சுக்கிட்டே வர்றது. தாள வாத்தியம் மட்டும் வாசிக்கற தனி ஆவர்த்தனத்துல நாம எழுந்து காபிக்குப் போற பழக்கத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம்.

குரூப்ல ஒரு கட்சி, சபா மாதிரி அமைதி வேணும்ங்குது. இன்னொரு கட்சி, ஜாஸ் கிளப்னா அப்படித்தான், அந்த 1965 ரெக்கார்டிங்லயே ஜனங்க பேசுறது கேக்குதேங்குது. கேக்குது, வாஸ்தவம்தான். ஆனா அங்க வடைக்கு லைன் இல்லீங்க. பேசுறவங்க பேசட்டும், சாப்பாடு மட்டும் முதல் செட்டுக்கு அப்புறம்தான், அதுவரைக்கும் கிச்சன் கதவு சாத்தியே இருக்கணும், அடுத்த டிசம்பருக்கும் அதே குழுவைக் கூப்பிடணும். தீர்மானமா வெக்கறேன். எதிர்ப்பு இருக்கறவங்க இங்கயே கையைத் தூக்குங்க, ராத்திரி வாட்ஸப்ல வேண்டாம்.