பிட்ஸ்பர்க்கில் ஸ்கோர் எழுதிய அம்மாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள அனைவருக்கும்,

மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இதை எழுதும்போது சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, தம்பியோடு ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தச் சத்தத்தை இவ்வளவு ஆசையாக நான் கேட்டதே இல்லை. பிட்ஸ்பர்க்குக்கு வாலிபால் ஆடப் போன இடத்தில், அந்தப் புதன்கிழமை அவளை மைதானத்திலிருந்து ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதை மறுபடி எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அன்று ராத்திரி முழுக்க என்னோடு விழித்திருந்தீர்கள். மீதிப் பேருக்கு அவர்கள் சொல்லியிருப்பார்கள். ‘இனி பயமில்லை’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளைக்கு ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

போட்டியை நடத்தியவர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக நன்றிக் கடிதம் அனுப்பியாயிற்று. அது ஆபீஸ் கடிதம் போல விறைப்பாக அமைந்துவிட்டது. மனசில் இருப்பதைத் தமிழில்தான் கொட்ட முடியும்.

போனில் பேசிய பலரும் நலம் விசாரித்த கையோடு, ‘அதென்ன யூதப் பிள்ளைகளுக்கென்று தனி விளையாட்டுப் போட்டி?’ என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். என் கணவர் யூதர் என்பது தெரிந்தவர்களுக்கே இது புதிது. ஜே.சி.சி. (யூத சமூக மையம்) மக்காபி விளையாட்டுகள் என்று பெயர். 1982இல் மெம்பிஸ் நகரில் தொடங்கியது. பல ஊர்களின் யூத சமூக மையங்களும் வெளிநாட்டு அணிகளும் பதின்ம வயதுப் பிள்ளைகளை அனுப்பும். நான்கு வருடத்துக்கு ஒருமுறை இஸ்ரேலில் நடக்கும் மக்காபியா வேறு. 1932இல் டெல் அவிவில் தொடங்கிய அது பெரியவர்களும் ஆடும் பெரிய திருவிழா. 15 வயதில் மார்க் ஸ்பிட்ஸ் நீந்தி நான்கு தங்கம் வாங்கியது அங்கேதான். என் மகள் போன போட்டியில் பிள்ளைகள் ஓட்டலில் தங்குவதில்லை. போட்டி நடக்கும் ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டு அனுப்புகின்றன. முன்பின் தெரியாத வீட்டில் பெண் பிள்ளையை எப்படி விடுவது என்று என் அம்மா ஒரு மாதம் புலம்பினார். அந்தக் காலத்தில் கபடி ஆட வெளியூர் போன மாமாக்கள் எல்லாம் யார் வீட்டில் சாப்பிட்டார்களாம்?

இந்த வருடம், 2025 ஜூலை கடைசியில், பிட்ஸ்பர்க்கில் நடந்தது. எங்கள் ஊர் கொலம்பஸிலிருந்து போன பெண்கள் ஒரு முழு வாலிபால் அணிக்குப் போதாததால், வேறு ஊர்ப் பிள்ளைகளோடு சேர்த்துக் கலப்பு அணியாக ஆட வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையன்று ஒருவரையொருவர் பெயர்கூடத் தெரியாமல் சந்தித்த பெண்கள் அவர்கள்.

என் பயமெல்லாம் வேறு திசையில் இருந்தது. இந்தப் போட்டிகளின் தொடக்க விழாவில், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கொல்லப்பட்ட 11 இஸ்ரேலியர்களை நினைவுகூர்வது வழக்கம். ஒலிம்பிக் தொடக்க விழாவிலேயே அவர்களுக்காக எழுந்து நிற்க 2021 டோக்கியோ வரை ஆயிற்று. அதே பிட்ஸ்பர்க்கில் 2018 அக்டோபர் 27 அன்று நடந்ததும் எல்லோருக்கும் தெரியும். ஒரே கட்டடத்தில் மூன்று யூத சபைகள் வழிபட்டுக்கொண்டிருந்தபோது ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றான். அதனால் வாசலில் போலீஸ் நிற்கிறதா, பையைச் சோதிக்கிறார்களா என்று தினமும் மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் பக்காவாகத்தான் இருந்தது. வந்த ஆபத்து வாசல் வழியாக வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

கணவர் வேலை விஷயமாக வேறு ஊரில் இருந்தார். நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஐ-70 சாலையில் மூன்று மணி நேரத்துக்கும் மேல். ஆம்புலன்ஸில் மகளோடு போன ஊழியர் படிவம், கையெழுத்து என்று அலைந்துகொண்டிருந்தார். பயிற்சியாளர் மற்ற பிள்ளைகளை விட்டு வர முடியாது. ஜேன்ஸ்வில் தாண்டும்போது தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு.

வயதான பெண் குரல். ‘உங்கள் மகள் ஆடிய ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதியவள் நான். அவளுடைய ஷூவும் பையும் மைதானத்திலேயே கிடந்தன, கொண்டுவந்தேன். இப்போது அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன், கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டுங்கள்’ என்றார்.

அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். ‘நர்ஸ் வந்திருக்கிறாள். ஏதோ கேட்கிறாள். உங்கள் பெண் தலையாட்டுகிறாள். சிரிக்கவில்லை, ஆனால் முகம் சுளிக்கவும் இல்லை. இப்போது போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள், வலது கையால்.’ நடுநடுவே, ‘இப்போது ஒன்றும் நடக்கவில்லை. திரையில் பச்சைக் கோடு ஓடுகிறது. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.’ சின்ன வயதில் அப்பா டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக் கிரிக்கெட் வர்ணனை கேட்பாரே, அப்படிக் கேட்டுக்கொண்டு போனேன். ஒரு இடத்தில்கூட ‘கவலைப்படாதீர்கள்’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பயம் கூடியிருக்கும்.

வீலிங் பக்கம் மலைக்கு நடுவே லைன் போய்விட்டது. மறுபடி கிடைத்ததும், நடுவில் விட்டுப்போனதை மணி, நிமிடம் சொல்லி வரிசையாக ஒப்பித்தார். இந்த வயதில் என்ன ஞாபகசக்தி என்று நினைத்தேன்.

ஞாபகம் இல்லை, எழுதி வைத்திருந்தார். கையில் மிச்சமிருந்த வாலிபால் ஸ்கோர் தாளில், பென்சிலால். இடது பக்க அணிக்கான கட்டங்களில் என் மகள் செய்தவை. வலது பக்கம் எதிரணி, அதாவது ஆஸ்பத்திரி செய்தவை. வலது பக்கம்: ‘5.10 ஊசி.’ இடது பக்கம்: ‘5.10 ஐயோ.’ அப்புறம், ‘5.40 ஆப்பிள் ஜூஸ், இரண்டு மிடறு. 5.55 நாயின் பெயரைக் கேட்டேன், உடனே சொன்னாள். 6.05 அம்மா எங்கே என்றாள், வந்துகொண்டிருக்கிறாள் என்றேன்.’ டைம்-அவுட் குறிக்கும் கட்டங்களில் ‘தூக்கம்’ என்று எழுதியிருந்தார். ஒரு இடத்தில் நேரத்தைத் தப்பாக எழுதி, ரப்பரால் அழித்துத் திருத்தியிருக்கிறார். ராத்திரி டியூட்டிக்கு வந்த டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இரண்டு கேள்விகளை என்னிடம் கேட்காமலேயே குறித்துக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்ததும் எழுந்தார். கட்டிப்பிடிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. தாளை நீட்டினார். லேஸால் சேர்த்துக் கட்டிய ஷூக்களைக் கொடுத்தார். பார்க்கிங் டிக்கெட்டுக்கு எந்த கவுண்டரில் முத்திரை குத்துவார்கள் என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டே போய்விட்டார். நான் நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

மறுநாள் மகளின் மற்ற சாமான்களை எடுக்கப் போனபோது, ஜிம்மில் அதே மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி நூலகராம். யூதர் இல்லை. ஸ்க்விரல் ஹில்லில், ஃபோர்ப்ஸ் சாலையும் மர்ரி சாலையும் சந்திக்கும் மூலையில், எண்களுக்குப் பதில் ஹீப்ரு எழுத்து போட்ட கடிகாரத்தோடு யூத சமூக மையம் இருக்கிறதே, அதற்கு நடை தூரத்தில் வீடு. எப்படித் தோன்றியது உங்களுக்கு என்று கேட்டேன். 2018இல் அந்தச் சனிக்கிழமை, குடும்பங்கள் தகவலுக்குக் காத்திருந்தது அந்த மையத்தில்தான். அன்றைக்கு இவர் அங்கே காபி ஊற்றிக்கொண்டிருந்தாராம். ‘புதுசாக ஒன்றும் தெரியவில்லை என்பதையாவது யாராவது வந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்’ என்றார். அதற்குள் அடுத்த ஆட்டத்துக்கு விசில் ஊதிவிட்டார்கள். புதுத் தாளை எடுத்துத் தேதி எழுத ஆரம்பித்துவிட்டார்.

அந்த வாக்கியம் என்னை விடவே மாட்டேன் என்கிறது. நம் வீடுகளில் கெட்ட சேதியை மறைப்பதுதான் அன்பு. தாத்தா போனதை என் அம்மாவிடம் சொல்லாமலே ரயிலேற்றி அனுப்பினார்கள். வழியெல்லாம் அம்மா என்னவெல்லாம் கற்பனை செய்திருப்பார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். இனி என் வாயால் யாரிடமும் ‘ஒன்றுமில்லை, நீ கிளம்பி வா’ என்று சொல்ல மாட்டேன். என்ன தெரியுமோ அதைச் சொல்வேன்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். மகளைத் தங்க வைத்த குடும்பத்துக்கு நன்றி: அவள் சைவம் என்றதும் சமையலறையில் ஒரு அலமாரியையே ஒதுக்கிக் கொடுத்தீர்கள், கடைசி இரண்டு ராத்திரி அவள் படுக்கையில் நான்தான் தூங்கினேன். முதலுதவிக்கு ஓடிவந்தவர்களுக்கும், ஆம்புலன்ஸில் போன ஊழியருக்கும், பெயர் தெரியாத நர்ஸ்களுக்கும் நன்றி. கலப்பு அணிப் பெண்களே, கடைசி ஆட்டத்தை அவள் பார்க்கட்டும் என்று வீடியோ கால் போட்டு போனை பெஞ்சில் வைத்தீர்கள். ஆட்டம் முழுக்க அவளுக்குத் தெரிந்தது கூரை விளக்கு மட்டும்தான். ஆனாலும் கைதட்டிக்கொண்டே இருந்தாள். கொலம்பஸில் பையனையும் நாயையும் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்கா, விமானம் கிடைக்காமல் தவித்த என் கணவரைக் காரில் கொண்டுவந்து விட்ட நண்பர், வாட்ஸ்அப்பில் விடியவிடியப் பேசிய சங்கத்து ஆட்கள், சென்னையில் வடபழனிக்கும் கபாலிக்கும் வேண்டிக்கொண்ட பெரியவர்கள், சபையில் மகள் பெயர் சொல்லிப் பிரார்த்தனை செய்ய வைத்த மாமியார், எல்லோருக்கும்.

இந்தப் போட்டியில் ஆட்டத் திறமைக்கு அல்லாமல் நல்ல குணத்துக்கென்றும் பதக்கம் கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுப்பது சரிதான். ஸ்கோர் மேஜைக்கும் ஒன்று கொடுக்கலாம் என்பது என் கட்சி. ஆங்கிலக் கடிதத்தில் இதையும் எழுதியிருக்கிறேன்.

இலையுதிர் காலத்தில் எங்கள் ஊர் மையத்தில் வாலிபால் தொடங்கும்போது ஸ்கோர் எழுத ஆள் கேட்பார்கள். இத்தனை நாள் நான் வேலை இருக்கிறது என்று நழுவுவது வழக்கம். இந்த முறை பெயர் கொடுத்துவிட்டேன். விதிமுறைப் புத்தகத்தை மகள் தினமும் சொல்லிக்கொடுக்கிறாள். சுழற்சி வரிசை மட்டும் இன்னும் மண்டையில் ஏறவில்லை.

கடைசியாக, பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில் அண்ணி: யாரோ சொல்லக் கேட்டு, என்னை முன்பின் பார்த்திராமலே ஆஸ்பத்திரிக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனீர்கள். உங்கள் எவர்சில்வர் தூக்கு எங்களிடம்தான் இருக்கிறது, மூடியோடு. நவராத்திரிக்குக் கோயிலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். நூலகர் அம்மாவையும் அழைத்திருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறார். அவருக்குக் காரம் ஆகாது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வாலிபால்காரியின் அம்மா
கொலம்பஸ், ஒஹாயோ