டெபியன் 13-க்குள் எங்கள் பேக்கேஜ் போய்ச் சேர உதவியவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பிகள் எல்லாருக்கும் வணக்கம்.

டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. நான் பேக்கேஜ் செய்து பராமரிக்கும் ஒலிப்பதிவுக் கருவியும் அதில் இருக்கிறது. பராமரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும்தான் வரும். அந்த வரியில் வராதவர்களுக்கு எழுதுகிறேன்.

உங்களில் சிலருக்கு நான் சேலத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்பதே சரியாகத் தெரியாது. தெரியாமலே உதவியிருக்கிறீர்கள். கருவியை எழுதியவர் வேறொருவர். அவர் வெளியிடும் மூலநிரலை எடுத்து, அதற்கு என்னென்ன துணை நிரல் நூலகங்கள் வேண்டும் என்று குறித்து, உரிமங்களைச் சரிபார்த்து, ஒரே கட்டளையில் யாருடைய கணினியிலும் நிறுவும்படி செய்வது என் பங்கு. சம்பளம் இல்லாத வேலை, எனக்கு மிகவும் பிடித்த வேலை.

முதல் நன்றி ஏற்காட்டு மலைக் கிராமத்தில் ஆசிரியராக இருக்கும் அண்ணனுக்கு. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பாட்டுகளைப் பாடுகிறவர்களின் சம்மதத்தோடு பதிவு செய்து வருகிறார். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவின்போது விடிய விடியப் பதிவு செய்திருக்கிறார். காலையில் திறந்தால் சில நிமிடங்கள்தான் ஓடுகிறது. வேறு யாராவது இருந்தால் 'உங்க சாஃப்ட்வேர் சரியில்லை' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அண்ணன் எத்தனை மணிக்குத் தொடங்கினார், எப்போது நிறுத்தினார், கோப்பின் அளவு என்ன, ஓடுவது எந்தப் பாட்டோடு அறுந்துபோகிறது என்று எல்லாவற்றையும் எழுதி, கோப்பையும் பென்டிரைவில் போட்டு, சேலம் வரும் பஸ்ஸில் தெரிந்தவரிடம் கொடுத்தனுப்பினார். மலையில் அவருக்குக் கிடைக்கும் இணையத்தில் அவ்வளவு பெரிய கோப்பை ஏற்ற முடியாது.

அந்தக் குறிப்பு இருந்ததால் காரணம் உடனே பிடிபட்டது. வேவ் (WAV) என்ற ஒலிக்கோப்பு வடிவத்தின் தலைப்பில் அளவைச் சொல்லும் எண்ணுக்கு 32 பிட்தான் இடம். 4 ஜிபி தாண்டினால் அந்த எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில் பதிவு செய்தால் சுமார் ஆறே முக்கால் மணி நேரத்தில் அந்த எல்லை வந்துவிடுகிறது. பாட்டு எதுவும் தொலையவில்லை, நீளம்தான் தப்பாகப் பதிவாகியிருந்தது. மீட்டுக் கொடுத்தபோது எனக்கே அழுகை வந்தது. கருவியை எழுதியவருக்கு அண்ணனின் குறிப்பை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினேன். நீண்ட பதிவுகள் 64 பிட் அளவைத் தாங்கும் ஆர்எஃப்64 வடிவத்துக்குத் தானாக மாறும்படி அவர் செய்துவிட்டார். இன்று இந்தக் கருவியில் இரவு முழுக்கப் பதிவு செய்பவர் எந்த நாட்டில் இருந்தாலும், அவருடைய பதிவு பத்திரமாக இருப்பது அண்ணனால்தான்.

அடுத்து அஸ்தம்பட்டி வழக்கறிஞர் அக்கா. மல்டிமீடியா மென்பொருளில் உரிமம்தான் பெரிய தலைவலி. நிரல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருக்கும், உள்ளே வரும் மாதிரி ஒலிக்கோப்பு வேறு நிபந்தனையில் இருக்கும். எங்கள் கருவியோடு வந்த ஒரு மிருதங்க ஒலிக்கு 'வணிகப் பயன்பாடு கூடாது' என்று போட்டிருந்தது. அப்படி ஒரு கோப்பு இருந்தால் டெபியனின் முதன்மைத் தொகுப்பில் இடமில்லை. கோர்ட் வேலைக்கு நடுவே அக்கா உரிமங்களை வரிவரியாகப் படித்து, அந்தக் கலைஞரிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு மரியாதையான கடிதமும் எழுதித் தந்தார். கலைஞர் மனமுவந்து உரிமத்தை மாற்றிக் கொடுத்தார். அவருக்கும் நன்றி.

கருப்பூர் பக்கம் பொறியியல் படிக்கும் தம்பிக்கு: 2024 ஏப்ரலில், ஒலி, காணொளிக் கோப்புகளைக் கையாள எங்கள் கருவி நம்பியிருக்கும் எஃப்எஃப்எம்பெக் நூலகத்தின் 7.0 பதிப்பு வந்து, ஒலித்தடங்களைக் குறிக்கும் பழைய முறையை எடுத்துவிட்டபோது, எங்களுடையது உட்படப் பல பேக்கேஜ்கள் கம்பைல் ஆகாமல், அதாவது மூலநிரலிலிருந்து ஓடும் நிரலாக மாறாமல், நின்றன. புதிய முறை 2022-இல் 5.1 பதிப்பிலேயே வந்திருந்தது. செமஸ்டர் பரீட்சை முடிந்த கையோடு நீ உட்கார்ந்து மாற்றி எழுதினாய். அது நடக்காமல் 2025 மார்ச்சில், வெளியீட்டுக்கு முன் பெரிய மாற்றங்களை நிறுத்திவைக்கும் முடக்கம் தொடங்கியிருந்தால், இந்தப் பதிப்பில் நமக்கு இடமே இருந்திருக்காது.

ஐபிஎம்மின் மெயின்பிரேம் என்ற பெருங்கணினிக்கான எஸ்390எக்ஸ் கட்டமைப்பில் சோதனை தோற்றபோது கைகொடுத்த டெபியன் நண்பரை நான் நேரில் பார்த்ததில்லை. அந்த இயந்திரம் பைட்டுகளை நம் கணினிக்கு எதிர் வரிசையில் வைக்கும். வரிசையைத் திருப்பாமல் படித்தால் பாட்டு வெறும் இரைச்சலாகிவிடும். எந்த இடத்தில் திருப்ப வேண்டும் என்று அவர் காட்டிக் கொடுத்தார்.

டெபியனில் எனக்கு நேரடியாக ஏற்றும் உரிமை இல்லாத காலத்தில் என் பேக்கேஜைப் பரிசோதித்து, குறை சொல்லித் திருப்பி அனுப்பி, அப்புறம் தன் கையொப்பத்தோடு ஏற்றிய மூத்த டெவலப்பருக்கும், புதிய பேக்கேஜ் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து உள்ளே விடும் குழுவுக்கும் நன்றி. அவர்கள் சொன்ன ஒவ்வொரு குறையும் நியாயமானது.

அம்மாவுக்கும், நடு ராத்திரி கம்பைல் ஓடும் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட வீட்டாருக்கும் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

நாலு ரோடு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை அண்ணா, சோதனைக்கு நீங்கள் தந்த பழைய மடிக்கணினிகள் இல்லாவிட்டால் குறைந்த ரேமில் கருவி எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்திருக்காது. ஒரு விஷயம்: டெபியன் 13-க்கு 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது. அந்த இரண்டு பழைய 32 பிட் கணினிகளை டெபியன் 12-லேயே விட்டுவிடுங்கள், மற்றவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து நானே போட்டுத் தருகிறேன். அடுத்த பதிப்பான ஃபார்க்கிக்கு வேலை தொடங்கியாயிற்று, சோதனைக்கு அந்த மடிக்கணினிகள் மறுபடி தேவைப்படும்.

மிக்க அன்புடன்,
சேலத்திலிருந்து உங்கள் பேக்கேஜ் பராமரிப்பாளர்